கவிழ்த்த சிரட்டையின் முதுகில் பால்

அந்த மார்கழியில் குளிர் எங்கள் ஊருக்குள் வழி தப்பி வந்ததுபோல் வந்தது. பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் காதை மூடித் துண்டு கட்டியிருந்தார்கள். தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதிப் பார்த்தார்கள். நான் கைபேசியில் காற்றழுத்த வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கொரு பைத்தியம்.

தம்பிக்கு விளக்கினேன். வடக்கே நிலத்தின்மேல் உயர் அழுத்தம் கனத்துக் குந்தியிருக்கிறது. அங்கே காற்று கீழிறங்குகிறது, இறங்கும் காற்றில் மேகம் நிற்காது. மேகமில்லாத இரவு ஓடு பிரித்த வீடு. பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் மேலே போய்விடும். தெற்கே கடலில் ஒரு தாழ்வு, வா வா என்று இழுக்கிறது. அந்த வறண்ட காற்று நம் முற்றத்தைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. இரண்டும் இடம் மாறாதவரை குளிரும் மாறாது.

"அப்போ இன்னும் எத்தன நாளு நிக்கும், அண்ணே?"

"கடல்ல கெடக்க அந்தத் தாழ்வு, நியூனமர்த்தம், நகரணும் மக்கா. இந்த வாரம் போவாது."

தினமும் கேட்டான். யாரும் கேட்காத பேச்சு என்னுடையது. நான் வானத்தைத் தொடங்கினாலே மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒருவன் கேட்கிறானே என்று உருகிப்போனேன்.

அமரவிளைக்குப் பக்கத்தில் எங்களிருவருக்கும் பொதுவாக ஒரு ரப்பர் விளை, அப்பாவின் தோட்டம். அப்பா போனபின் பங்கு வைக்கச் சொல்லாத உறவில்லை. நடுவில் எல்லைக்கல் விழுந்தால் அண்ணன் தம்பி அயல்காரர்களாகிவிடுவோம் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். அவன் பட்டையைக் கீறி மரம் வெட்டுவான், நான் பாலெடுத்து உறையவைத்து ஷீட்டு அடிப்பேன். இலை உதிர்ந்தால் கத்தியைத் தொடுவதில்லை. பால் பிடிக்கும் சிரட்டைகளை மரத்திலேயே கவிழ்த்துவிட்டு, புதுத்தளிர் முற்றும்வரை மரத்தை விட்டுவிடுவோம். அந்த வருடம் இலை முன்னமே உதிர்ந்தது. "மரம் பாவம் அண்ணே, கிடக்கட்டும்" என்று அவன்தான் சொன்னான்.

வாழைக்குச் சருகு அள்ள ஒரு முற்பகல் விளைக்குப் போனேன். கவிழ்த்த சிரட்டையின் முதுகில் வெள்ளையாக ஒரு சொட்டு. பார்க்கும்போதே இன்னொன்று. அடுத்த மரத்திலும்.

வெயில் ஏறினால் வெட்டுவாயில் பால் உறைந்து தானே நின்றுவிடும். குளிரில் உறையாது; கூடுதலாக ஓடும், வெகுநேரம் ஓடும். தம்பி விடியலில் வெட்டி, கிடைத்ததை எடுத்து, சிரட்டையைப் பழையபடி கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். மரம்தான் நிறுத்தவில்லை. நான் வானம் சொல்லச் சொல்ல அவன் கத்தி தீட்டியிருக்கிறான்.

அவன் வீட்டு வாசலிலேயே கேட்டேன்.

"எலே, இல இல்லாத மரத்தயா வெட்டுன?"

"நீதானே சொன்ன, குளிரு நிக்கும்னு."

"அதுக்காக்கும் தெனம் கேட்டியா?"

"பின்ன? ஒன் கவித கேக்கவா?" சிரித்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி, "அண்ணனுக்குச் சாயா போடட்டா?" என்றாள்.

"வேண்டாம். பங்கு வச்சிடலாம்."

மிரட்டலாகத்தான் சொன்னேன். பதறுவான், கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன்.

"வச்சிடலாம். தெக்குப் பாதி எனக்கு."

யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை விளையில் மரம் மரமாக நடந்தேன். தெற்கே ஒரு பட்டையிலும் புதுக்கீறல் இல்லை. பழைய வெட்டுகள் காய்ந்து கறுத்து, சுகமாக உறங்கின. அவன் வெட்டியதெல்லாம் வடக்குப் பாதி. ஒரே மரத்தில் மேலும் கீழுமாக, எலும்பு தெரிகிற ஆழத்தில்.

வடக்கை நான் எடுத்துக்கொண்டேன். அந்த மரங்களை வேறு யார் வெட்டாமல் விடுவார்கள்?