அம்மா பவுடர் போடாம வந்த காலை

அப்போ என் கேமரா பேக்ல எப்பவும் மீன் வாசன அடிக்கும்... எவ்ளோ தொடைச்சாலும் போகாது.

ஞாயித்துக்கெழம விடியக்காலம் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய் போட்டோ எடுத்துட்டு ராயபுரம் வூட்டுக்கு வந்தா, அம்மா வாசல்லயே நிறுத்திடும்.

"பேக்க வெளிய மாட்டிட்டு வாடி. வூடே கவுச்சி அடிக்குது."

திருவொற்றியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேலைக்குச் சேந்த புதுசு. ஆசப்பட்டு செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்னு வாங்கினேன். சொல்லித்தர ஆளில்ல, பட்டன அமுக்கி அமுக்கித்தான் கத்துக்கினேன். மொதல்ல எண்ணூர் புகபோக்கி, கன்டெய்னர் லாரி, கரைல ஏத்தி வச்ச மீன்புடி படகு... அதுங்கதான் மூஞ்ச திருப்பிக்காது.

ஆனா நான் கேமரா வாங்கினதே எங்கம்மாவ எடுக்கத்தான்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அம்மா முகத்துல வெண்புள்ளி வந்துது. உதட்டோரம் ஆரம்பிச்சு கன்னம், கண்ணச் சுத்தின்னு பரவிடுச்சு. அதுலேர்ந்து போட்டோவுக்கே நிக்கல. சர்ச்சுல எனக்கு நடந்த ஃபர்ஸ்ட் கம்யூனியன் ஆல்பத்துல அம்மா இல்ல. அண்ணன் கல்யாணத்துல குடும்பமா நிக்கச் சொன்னப்போ, "பந்திய யாரு பாக்கறது?"ன்னு நழுவிடுச்சு. சர்ச்சுக்குப் போனாலும் பவுடர அப்பிக்கினுதான் போகும்.

நான் கேமராவ தூக்கினா முந்தானையால மூடிக்கும். "பேஜாரு பண்ணாத, போ."

நானும் கேக்கறத விட்டுட்டேன்.

ஒருநாள் காசிமேட்டுல மீன் விக்கிற அக்கா ஒருத்தவங்கள எடுத்தேன். கன்னத்துல செதில் ஒட்டிக்கினு, முன்பல் ஒன்னு இல்லாம, வாய் நெறைய சிரிப்பு. அவங்களுக்குக் குடுக்க பிரின்ட் போட்டு மேசை மேல வச்சிருந்தேன். அம்மா அத எடுத்து ரொம்ப நேரம் பாத்துச்சு.

"கம்ப்யூட்டர்ல அழகாக்கிட்டியாடி?"

"இல்லம்மா. அவங்க இப்டியேதான் கீறாங்க."

"செதில கூட தொடைக்கலயே..."

"நான் சொன்னேன்மா. 'இருக்கட்டும், நான் இன்னா கல்யாணப் பொண்ணா?'ன்னுட்டாங்க."

அம்மா சிரிச்சுது.

அடுத்த ஞாயிறு மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தேன். அம்மா மேல வந்துச்சு. கழுவின முகம், காதோரம் ஈரம் கூட காயல. பவுடர் இல்ல.

"வெளிச்சம் நல்லா கீதா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. கீழ ஓடி கேமராவ எடுத்தாந்தேன்.

"சீக்கிரம் எடுடி. மனசு மாறிடப் போவுது."

மொத ரெண்டும் ஷேக். அப்புறம் ஒன்னு... காத்துல முடி பறக்க, நேரா என்னையே பாக்குது. ஸ்க்ரீன்ல காட்டினேன். புள்ளியப் பாத்து எங்க அழுதுடுமோன்னு எனக்கு பயம்.

"எங்கம்மா ஜாடை அப்டியே கீதுடி எனக்கு"ன்னுச்சு. அவ்ளோதான். அழுதது நான்தான்.

இப்போ அம்மா பேத்திகூட தெனம் செல்ஃபி. "ஃபில்டர் போடாதடி, அது நான் இல்ல"ன்னு அதட்டல் வேற. என் ஃபோன் முழுக்க அம்மாதான்.

ஆனா ஸ்கூல் கேட்டுல எனக்காக வெயில்ல நின்ன அம்மா... காலேஜ் முடிச்ச அன்னிக்கு என் நெத்தில சிலுவ போட்ட அம்மா... அவங்க யாரும் ஒரு போட்டோல கூட இல்ல. கண்ண மூடினா வராங்க.

வருஷம் ஆக ஆக, லேசா ஃபோகஸ் போவுது...