சாத்தி வைத்த வில்

தையல்கார அக்கா மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடிவருகிற ஆள். அவள் வீட்டுக்காரர், ஒயரும் சுவிட்சும் மாட்டிப் பிழைக்கிற மனுஷர், நாற்பது தாண்டிய பிறகு வில் பழகப் போகிறேன் என்று கிளம்பினால் அவள் என்னதான் செய்வாள், பாவம்!

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடவே போனாள். நாணில் மாட்டாதபடி அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அம்பு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள்.

"எய்யுற கோட்டைத் தாண்டாதீங்க. விசில் அடிக்காம அம்பெடுக்கப் போயிடாதீங்க."

"சரிங்க மாஸ்டர்" என்பார் அவர். கழுத்தில் விசிலோடு நிற்கும் நிஜ மாஸ்டரம்மா சிரித்துக்கொள்வாள்.

அக்காவிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால் கை சும்மா இருக்காது. கடையில் கத்தரிக்கோல் அதன் ஆணியில் தொங்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த ஞாயிறு, அம்பெடுக்க விசில் அடித்த நேரம் அவள் குழாயடியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லோரும் அம்புகளோடு வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் வில் மட்டும் இலக்குப் பலகையில் சாய்ந்து நின்றது.

"இந்த மனுஷனுக்கு எத்தனை தடவைதான் சொல்றது!" என்று முணுமுணுத்தபடி ஓடிப்போய் எடுத்துவந்து ஸ்டாண்டில் மாட்டினாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் ஆளைக் காணோமே என்று தோன்றியது. கூடவே வில் பழக வருகிற நர்ஸ் ஒருத்தி கோட்டில் நின்றாள், அவளிடம் கேட்டாள்.

"எங்கம்மா அவரு? டீ குடிக்கப் போயிட்டாரா?"

"இருக்கும்க்கா" என்றாள் நர்ஸ், அம்பை நாணில் பொருத்தியபடி. "பலகைக்குப் பின்னாடி அம்பு தேடப் போனா வில்லை முன்னாடி சாத்தி வெச்சிட்டுத்தான் போவாங்க. ஆள் இருக்குன்னு அடையாளம். அங்கதான் ஒண்ணும் இல்லையே."

விசில் அடித்தது. விற்கள் உயர்ந்தன.

தான் எடுத்து மாட்டிய வில்லை அக்கா திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வாரம் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய், ஐயோ, அப்போது பார்த்துக் கைவிட்டுவிட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வில் ஸ்டாண்டைப் பிடித்துக் கீழே தள்ளினாள்.

தடதடவென்று எல்லாம் சரிந்த சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "அவரு பின்னாடி இருக்காரு!" குரல் இப்போதுதான் வந்தது. மாஸ்டரம்மா விசிலை ஊதித் தள்ளினாள். அதற்குள் ஒரு அம்பு போய்விட்டிருந்தது.

பலகைக்குப் பின்னால் உயர்ந்து வளர்ந்த புல்லுக்குள்ளிருந்து எழுந்தார் வீட்டுக்காரர். "கிடைச்சிடுச்சு!" என்று தொலைந்த அம்பைத் தூக்கிக் காட்டினார். பலகையின் ஓரத்தில், அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, அந்த இன்னொரு அம்பு குத்தி நின்றது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு செத்தது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க எடுத்தேன். நானேதாங்க எடுத்தேன்" என்று வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறும் அவருடைய அம்பு ஒன்று புல்லுக்குள் போனது. வில்லைச் சாத்தி வைத்துவிட்டுப் பின்னால் போனார். அக்கா நேரே நடந்துபோய் அந்த வில்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அதான் வில் இருக்கே, நீங்க வந்து உக்காருங்க" என்றாள் மாஸ்டரம்மா. "அதை யாரும் தொட மாட்டாங்க."

"என்னை மாதிரி ஒருத்தி வந்து எடுத்து வெச்சிடுவா" என்றாள் அக்கா. அவர் வெளியே வரும்வரை நகரவில்லை.