அளக்க வந்த அன்று கடக்காத ஊர்

அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டிகூட ரோட்டைக் கடக்கவில்லை. பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாக நான் வெயிலில் சும்மா நின்றேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். முதலில் லாரியில் கிளீனராக இருந்தேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கொச்சி வரைக்கும் போயிருக்கிறேன். அது வேறு கதை. முட்டி தேய்ந்த பிறகு நாலுவழிச் சாலையில் கொடி காட்டுகிற வேலை கிடைத்தது. முட்டி தேய்ந்தவனுக்கு எதற்கு நிற்கிற வேலை என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ரோட்டுக்குக் கிழக்கே. பாளையங்கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயலெல்லாம் மேற்கே. ரோட்டை இரண்டாகப் பிரிக்கிற மீடியன் சுவரில் ஒரு டிராக்டர் நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அதைத்தான் கேப் என்போம். அந்தக் கேப்பை வைத்திருப்பதா, அடைப்பதா என்று பேச்சு வந்தது. வண்டிகள் எப்படி ஓடுகின்றன, எங்கே தேங்குகின்றன என்று ஆராய்ச்சி பண்ண சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் அம்மா வந்தார். அவர் கொடுக்கிற அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு.

முதல் நாள்

அம்மா கம்பத்தில் கேமரா கட்டினார். வேகம் பார்க்கிற துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அதைக் கண்ட லாரிக்காரர்கள் போலீஸ் என்று நினைத்து, எதிரே வருகிறவர்களுக்கு லைட் அடித்துச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எல்லா வண்டியும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிப் போயின.

"இந்தப் பக்கம் டிரைவருங்க ரொம்ப டீசன்ட், இல்ல பெரியவரே?" என்றார் அம்மா.

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஆனா ஒருத்தர்கூட கிராஸ் பண்ணலையே. அப்ப இந்த கேப் எதுக்கு? அடைச்சிடலாமே."

ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரம் காயப்போட்டிருந்த நெல்லைக்கூடக் காணோம். சாயங்காலம் பேச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். கேப்புக்கு நேர் எதிரே அவன் வயல். கேப் போனால், டிராக்டரை அடுத்த பாலம் வரை ஓட்டிச் சுற்றித்தான் வயலுக்குப் போக வேண்டும். டீசலுக்கே நெல்லை விற்கணும்.

"ஏம்வே, ஒருத்தனையும் ரோட்டுல காணலியே?"

"பொண்ணு பாக்க வாராவன்னா முத்தத்தைக் கூட்டிப் போடுதோமா இல்லையா? குறுக்க மறுக்க போனா ஆபத்துன்னு அடைச்சிருவாவல்லா. அதான் ஒருத்தரும் போவக்கூடாதுன்னு, நீரு வேலைக்குப் போன நேரம் ஊர்க்கூட்டத்துல பேசி வச்சோம்."

"நல்லா வச்சீரு! ஆளே கடக்கல, அடைச்சிரலாம்னு அந்தம்மா சொல்லுது."

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "அவ்வளவுதான? நாளைக்குப் பாரும்" என்றான்.

மறுநாள்

காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். பேச்சிமுத்து டிராக்டரில் மேற்கே போனான், திரும்பினான், மறுபடி போனான். பின்னால் எருமைகள், சைக்கிள்கள், குடையோடு வாத்தியார். படுத்த படுக்கையாய்க் கிடந்த அவன் மாமனாரைக்கூட டிரெய்லரில் கட்டிலோடு ஏற்றி ஒரு தடவை காட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்கு மேல் கொட்டு மேளமும் வந்தது. ஓயாமல் கொடி ஆட்டி என் கை கழன்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் பாலம் வரை நின்று ஹாரன் அடித்தன.

அம்மா முகம் வெளுத்துவிட்டது.

"பெரியவரே, இவ்ளோ பேரா கிராஸ் பண்றாங்க? யாராவது அடிபட்டுச் செத்துடுவாங்க. இதை உடனே அடைக்கணும்."

கேப்பை அடைத்துவிட்டார்கள். ஒருவரும் கடக்காததால் அடைத்தார்களா, ஊரே கடந்ததால் அடைத்தார்களா என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கிறது. இரண்டு கட்சிக்கும் கேமரா சாட்சி.

மறு வருஷம்

அதே அம்மா மறுபடி வந்தார். இந்த ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற வண்டிகள் ஏன் கூடிப்போயின என்று இந்தத் தடவை ஆராய்ச்சி. கேமரா கட்டி முடிக்கவில்லை, எதிர்த்திசையில் ஒரு டிராக்டர் வந்தது. பாலம் சுற்ற டீசல் கட்டுபடியாகாத பேச்சிமுத்துதான். அம்மா பக்கத்தில் பைய நிறுத்தினான்.

"ஏம்மா, இன்னைக்கு நாங்க இப்படி வரணுமா, வரக்கூடாதா? முதல்லயே சொல்லிருங்க. அதுக்குத் தக்கன நடந்துக்கிடுதோம்."

அம்மா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க."

"எப்பவும் நடுவுலதாம்மா போவோம். அங்கனதான் சுவரு வச்சிருக்கீயளே."

அம்மா துப்பாக்கியைப் பைக்குள் வைத்தார். டிரெய்லரில் ஏறிக்கொண்டு, "பாலம் சுத்தி உங்க வயல் வரைக்கும் போங்க, பார்க்கலாம்" என்றார். போகிற வழியெல்லாம் கட்டில், கொட்டு உட்பட எல்லாவற்றையும் பேச்சிமுத்து சொல்லியிருக்கிறான். திரும்பி வந்தவர் கேமராவைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

கேப் இன்னும் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருப்பதாக அம்மா சொல்கிறார். இந்த ஆராய்ச்சி வேலைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ரோட்டை அளக்க வருகிறீர்கள் என்று ஊருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அன்றைக்கு அளக்காதீர்கள். டிராக்டரில் ஏறுங்கள்.