என் மருமகள் ஆட்டக்காரி

ஓடிப்போகிறவள் தண்ணீர் மோட்டாருக்கு அடியில் புது ரப்பர் வைத்துவிட்டா போவாள்? இதற்கு எதிர்வீட்டுக்காரி பதில் சொல்லட்டும். "விடியறதுக்குள்ள பெட்டியோட பெரிய கார்ல ஏறிப் போயிட்டா, என் கண்ணால பார்த்தேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பார்த்தது நிஜம். பெட்டி நிஜம், காரும் நிஜம். நடுவில் இருக்கிற கதை மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். தன் அம்மாவைப் பற்றி என்பதால் ஆங்காங்கே அழகுபடுத்தப் பார்க்கிறாள். விட மாட்டேன்.

என் மருமகள் எதையும் முதலில் கண்ணால் பார்க்க மாட்டாள். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பீரோ மேல் வைப்பாள், ஃபிரிட்ஜ் மேல் வைப்பாள், பஸ்ஸில் போனால் ஜன்னல் கம்பி மேல் வைப்பாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சமையலறைச் சுவரில் கையை வைத்தபடி நின்றாள். "அத்தை, சுவர் நடுங்குது."

"முப்பது வருஷமா இந்தச் சுவர்ல சாஞ்சுதான் நிக்கிறேன். எனக்குத் தெரியாதது மூணு நாள்ல உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அவள் நேராக மாடிக்குப் போனாள், ஒரு பழைய செருப்பை வெட்டித் தண்ணீர் மோட்டாருக்கு அடியில் செருகினாள், இறங்கி வந்து என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். சுவர் சுவராக இருந்தது. "முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவளுக்கு வேலை, பெரிய பெரிய கார்களைப் பழுது பார்க்கிற பட்டறையில். சத்தம், ஆட்டம், உதறல் என்று யார் வந்தாலும் இவளைக் கூப்பிடுவார்கள். வண்டிக்காரரோடு கூடவே உட்கார்ந்து போய், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். போகிற வழியில் அவர்கள் வாயைத் திறந்தால், "பேசாம வாங்க சார், வண்டி பேசட்டும்" என்று அடக்கிவிடுவாள். வளையல் போட மாட்டாள், அதன் சத்தம் குறுக்கே வருமாம். என் மகன் குறட்டை விட்டால் கோபம் வராது, "இடது பக்கம் ஒருக்களிச்சா வரல அத்தை, மல்லாந்தாதான் வருது" என்று எனக்கு வந்து கணக்குச் சொல்வாள்.

ஆட்டம் கண்டுபிடிக்கிறவள் என்பதால் பட்டறையில் அவளுக்கு 'ஆட்டக்காரி அக்கா' என்று பெயர். ஒருநாள் அங்கிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் நம் வாசலில் நின்று, "ஆட்டக்காரி அக்கா இருக்காங்களா?" என்று உரக்கக் கேட்டுத் தொலைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரியே நேரில் வந்துவிட்டாள். "கார் தினம் ஒண்ணு, கூட வர்ற ஆள் தினம் ஒருத்தர். இப்ப பேரும் தெரிஞ்சு போச்சு. உங்க மருமக எந்தக் கம்பெனியில ஆடிட்டிருந்தா?"

"உன் நாக்கு ஆடுதே, அதே கம்பெனியிலதான்" என்றேன்.

இனி அந்தப் பெரிய கார். அது ஒரு கண் டாக்டர் அம்மாவுடையது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, அப்படி ஒரு கார். ஆனால் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரிய சாலை ஏறியதும் மெல்லிசாக ஒரு நடுக்கம் வருகிறது என்று பட்டறைக்கு எடுத்துவந்தார். மெஷினில் ஏற்றினார்கள், சக்கரங்களைக் கழற்றி எடை பார்த்தார்கள், ஓட்டியும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, நான்காம் முறையும் ஒன்றும் இல்லை. மூன்று முறை சத்தம் போட்ட டாக்டர் அம்மா நான்காம் முறை சத்தமே போடவில்லை. மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"வண்டி நடுங்கலன்னா, நான்தான் நடுங்குறேனா?" என்று என் மருமகளிடம் கேட்டாராம். இரண்டு வாரமாக அவர் ஆப்பரேஷன் செய்யவில்லை. காரணம் சொல்லாமல் தன் நோயாளிகளை வேறு டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் கத்தி வைக்கிற கை அது. அந்தக் கைமேல் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

மேனேஜருக்கு அது புரியவில்லை. "அவங்க மனசுல இருக்கிற ஆட்டத்துக்கு நாம என்னம்மா பண்ண முடியும்? குறை இல்லைன்னு எழுதி மூடு" என்று காகிதத்தை நீட்டினார். இவள் கையெழுத்து இல்லாமல் மூட முடியாது.

"போட மாட்டேன் சார்."

"நீயும்தானே நாலு தடவை ஓட்டிப் பார்த்தே?"

"பார்த்தேன். நாலு தடவையும் மத்தியானம். காலையில ஓட்டினது அவங்க மட்டும்தான்."

காலையில் வருகிற நடுக்கத்தைக் காலையில்தானே பிடிக்க வேண்டும்? டாக்டர் அம்மாவிடமும் மேனேஜரிடமும் கேட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே வண்டியை நம் தெருவுக்கு ஓட்டி வந்தாள். நாலு டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். எதிர்வீட்டுக்கு ஒரு மாதத்துக்குத் தீனி கிடைத்தது.

மறுநாள் காலை டாக்டர் அம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார். என் மருமகள் என்னிடம் வந்து, "கிளம்புங்க அத்தை, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள்.

"எனக்குக் காரைப் பத்தி என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் வேணும். தெரிஞ்சவங்க எல்லாரும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." கதவைத் திறந்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள். "கேட்டா மட்டும் பேசணும்." அதைவிட என் தலையில் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கலாம்.

அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில். டாக்டர் அம்மா பின்னால், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. தெருவில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய சாலை ஏறி முள் எண்பதைத் தொட்டதும் என் பொய்ப்பல் கீழ்வரிசை தானாகக் கிடுகிடுத்தது. வாயை இறுக்கி மூடினேன். மூடிய வாய்க்குள்ளேயே ஆடியது.

"என்ன அத்தை?"

"பல்லு பேசுது."

"நீங்க பேசுறீங்களா, பல்லு பேசுதா?"

"நான் வாயே திறக்கலடி. அது தானாப் பேசுது. மாவு மில்லு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கே! இதையா உங்க மேனேஜர் ஒண்ணும் இல்லன்னாரு?"

திரும்பிப் பார்த்தேன். டாக்டர் அம்மா கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கண் நிறைந்திருந்தது. "உங்களுக்கும் தெரியுதாம்மா?" என்று கேட்டார். எத்தனையோ நோயாளிகளிடம் அதே கேள்வியைக் கேட்ட வாய், இப்போது என்னிடம் கெஞ்சுவது போலக் கேட்டது.

"நல்லாத் தெரியுது" என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நடுக்கம் தேய்ந்தது. கால் மணி நேரத்தில் என் பல் அடங்கிவிட்டது. என் மருமகள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, டயரில் உள்ளங்கையை வைத்தாள். டாக்டர் அம்மாவின் கையையும் பிடித்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"சூடா இருக்கு பாருங்க மேடம். உங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடி இந்த வண்டி பல மாசம் ஒரே இடத்துல நின்னிருக்கு. நின்ன இடத்துல டயர் அமுங்கி லேசா தட்டையாயிருக்கு. ஓட ஓடச் சூடாகி வட்டத்துக்கு வந்துடும். ராத்திரி நின்னா, நான் சாக்பீஸ் கோடு போட்ட இடம் தரையில அமுங்கி மறுபடி தட்டை. நீங்க பட்டறைக்கு ஓட்டிட்டு வர்ற தூரத்துலயே அது சரியாயிடுது. எங்க மெஷின் கனத்தைத்தான் பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க கைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

டாக்டர் அம்மா டயரிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆனது. ஏதோ குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பதுபோல வைத்திருந்தார்.

நாலு டயரையும் மாற்றினார்கள். மறுநாள் காலை சரிபார்க்க என்னையே மறுபடி கூப்பிட்டார்கள். என் பல் வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் அம்மா ஆப்பரேஷன் அறைக்குள் போனார். அன்று மூன்று பேருக்குச் செய்ததாக என் மருமகளுக்குப் போன் வந்தது. வேறு ஒன்றும் பேசவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பட்டறை முதலாளிக்கு ஒரு கடிதமும் எழுதினார். கடிதம் எங்கெங்கோ சுற்றி, இவளை வேறு ஊரில் இருக்கிற பெரிய பட்டறைக்கு வரச் சொல்லி உத்தரவாகத் திரும்பி வந்தது. ஆறு மாதம் ஆட்டத்தையும் உதறலையும் மட்டுமே படிக்க வேண்டும். வந்ததும் இங்கே அதற்கென்று ஒரு தனிப் பிரிவு, இவள் தலைமையில். என் மகன் சரி என்றான். பேத்தி குதித்தாள். நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்த வீட்டுல ஏதாவது ஆடினா யார் பார்ப்பா?" என்றேன். அவள் மாடிக்குப் போய்ப் பழைய செருப்புத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, மோட்டாருக்கு அடியில் புது ரப்பரை வைத்துவிட்டு வந்தாள்.

புறப்பட்ட அன்று விடிந்தும் விடியாத நேரம். தெருவுக்கே மின்சாரம் இல்லை. ரயிலடிக்குக் கொண்டுவிடுகிறேன் என்று டாக்டர் அம்மாவே காரை எடுத்து வந்திருந்தார். அதன் விளக்கு வெளிச்சம் நம் கூடம் வரைக்கும் விழுந்தது. என் மகன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, கை நடுங்குதே."

"மோட்டார் ஓடுதுல்ல" என்றேன். "வீடே நடுங்குது."

வேலையே போனாலும் இல்லாததை இருக்கிறது என்றும், இருக்கிறதை இல்லை என்றும் கையெழுத்துப் போடாதவள் அவள். என் கையை விட்டாள். கதவோரச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி, ஒரு காருக்குக் கொடுக்கிற நேரத்தை அந்தச் சுவருக்கும் கொடுத்து நின்றாள்.

"ஆமா அத்தை, லேசா ஆடத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டிப் போனாள்.