நான் நேராக்கிய ஆறு கோடுகள்

எங்கிருந்து கிளம்புகிறார்களோ அங்கேயே திரும்பி வந்து நிற்பதற்கா இத்தனை பேர் கப்பலேறி வருகிறார்கள்? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த திடலில் நின்று நான் கேட்ட கேள்வி அது. எனக்கு எட்டு வயது. சிலோன், சயாம், சிங்கப்பூர் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து ஓடப்போகிறார்கள், தாண்டப்போகிறார்கள், எறியப்போகிறார்கள் என்றார்கள். நேற்றுவரை மாடு மேய்ந்த திடல் வேறு ஆளாகிவிட்டது. வெட்டிய புல், உருளை ஓடிய தரை, தாண்டுவதற்கு மணல் குழி, துரைமார் உட்காரப் பலகைப் படிகள். எங்களுக்கு ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

ஓடுபாதைக்குக் கோடு போடும் வேலை அப்பாவுக்கு வந்தது. அப்பா தண்டவாள வேலையாட்கள் கூட்டத்துக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி; வளைவு என்றால் துரை அவரைத்தான் தேடுவார். ரயில் வளைவுக்கு நூல் பிடிப்பதுபோலவே திடலுக்கும் நூல் பிடித்தார். முளை அடித்தார், ஒரு கண்ணை மூடினார், ஈரச் சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டே நடந்தார். வெள்ளை வளைந்து வளைந்து அவர் பின்னால் வந்தது.

போட்டிக்கு முதல் நாள், ஓட்டம் கிளம்பும் இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆறு பேருக்கு ஆறு கோடுகள். ஒன்றுக்கொன்று நேராக இல்லை. உள்ளே ஓடுகிறவன் எங்கேயோ பின்னால், வெளியே ஓடுகிறவன் எங்கேயோ முன்னால்.

"அப்பா கோணலா போட்டுட்டாரு, பாத்தியாடி," என்றான் அண்ணன். "முன்னால நிக்கிறவன்தானே ஜெயிப்பான்? துரை பாத்தா சீட்டு கிழிஞ்சிரும்லா. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு மூட்டை தூக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவன் காற்றாடி விடப் போய்விட்டான். நான் போகவில்லை. அப்பாவும் ஆட்களும் மதியச் சோற்றுக்குப் போன நேரம், ஐந்து கோடுகளைக் காலாலேயே தேய்த்து அழித்தேன். வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைச் சிரட்டையில் மொண்டு, ஆறாவதற்கு நேராக ஐந்தையும் இழுத்தேன். ஆறும் ஒரே வரிசை. என்ன நியாயம்! என்ன அழகு! வீட்டுக்கு ஓடினேன். ரயில் கரி கொட்டிய கறுத்த பாதையில் என் பாதத் தடங்கள் வெள்ளை வெள்ளையாய் வாசல்வரை என்னைத் துரத்திக்கொண்டு வந்தன.

சாயங்காலம் துரை வந்தார். கயிற்றோரம் நின்று பார்த்தேன். இது யார் வேலை என்று மலாய் மொழியில் கத்தினார். அப்பா கோடுகளைப் பார்த்தார். தேய்த்த இடங்களைப் பார்த்தார். பிறகு, என்னவோ, கரிப் பாதைப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

"காம்பிங், துவான்," என்றார். ஆடு, துரை.

"ஆடு நேர்க்கோடு போடுமா?"

"நல்ல ஆடு, துவான்."

துரை சிரிக்கவில்லை. காலைக்குள் சரியாக இல்லையென்றால் வேறு மண்டோர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அப்பா மறுபடி நூலை எடுத்தார். இருட்டுவதற்குள் அதே கோணல் கோடுகள்! அழாமல் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்த அப்பா, சுண்ணாம்பு அரித்துச் சிவந்திருந்த என் பாதங்களில் தேங்காய் எண்ணெய் தடவினார். அவர் வலது கால் மட்டும் கணுக்கால்வரை கரியாக இருந்தது.

"ஏம்பா ஒரு கால் மட்டும் கறுப்பு?"

"பேசாம காலக் காட்டுடி."

மறுநாள் துப்பாக்கி வெடித்தது. முன்னால் கிளம்பியவன் வளைவில் தேய்ந்தான், பின்னால் கிளம்பியவன் வளர்ந்தான்; கடைசி நேர்பாதையில் ஆறு பேரும் ஒரே வரிசையாய்ப் பாய்ந்து வந்தார்கள். துரை அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். வளைவில் வெளிச்சுற்று நீளம், அதற்குத்தான் அந்தக் கோணல் என்பது பின்னாளில் கணக்கில் புரிந்தது.

அப்பாவின் அந்த ஒற்றைக் கால் கரி புரிய இன்னும் எத்தனையோ வருடம். போட்டியன்று காலையில் கரிப் பாதையைப் பார்த்தேன். வாசல்வரை கறுப்பு, ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை. என் தடங்கள் தாமாகவே போய்விட்டன என்று நினைத்தேன். நான் செய்தது ஒருவருக்கும் தெரியாது என்றும். பழி விழுந்த ஆடுதான், பாவம், யார் வீட்டு ஆடோ.