சீனி மாமியின் இருபத்திரண்டு பெட்டிகள்

தேயிலைப் பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சிழுத்தவர்களுக்குத்தான் அந்த மணம் தெரியும். காய்ந்த தேயிலைத் தூளும் உள்ளே ஒட்டிய ஈயத்தாளும் பலகைப் பசையும் கலந்து மூக்கில் ஏறி, தும்மலாக வெளியே வந்த பிறகும் அரைநாள் வரை போகாத மணம் அது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது மன்னாரில் கீரி என்ற ஊரில் எங்கள் வீட்டு விறாந்தை முழுவதும் அந்த மணம்தான் இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு பெட்டிகள். அப்பா சாகும்வரை இருபத்தொன்று என்றே சொல்லிவந்தார். ஆனால் அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர், ரயில்வே ரசீதுத் துண்டில் எழுதியிருந்ததை நம்பியவர். நான் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தொட்டு எண்ணினேன். இருபத்திரண்டுதான்.

பெட்டிகள் மாமிக்குச் சொந்தமானவை. மாமி என்றால் அப்பாவின் அக்கா, கலியாணம் செய்யாதவர், மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் படிப்பித்தவர். குளிர் நெஞ்சில் ஏறி அவருக்கு மூச்சிழுக்கும் "முட்டு" வருத்தம் வந்துவிட, வறண்ட ஊராகப் பார்த்துப் போகும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். பிறந்த ஊரைவிட வறண்ட ஊர் எதையும் மாமி அறிந்திருக்கவில்லை. உடுப்புக்கு ஒரு சின்னப் பெட்டியும் புத்தகங்களுக்கு இருபத்திரண்டு தேயிலைப் பெட்டிகளுமாக வந்து சேர்ந்தார். பாதிப் பெட்டிகளில் பொருளாதாரக் கோட்பாடு. மீதியில் சீனத்தின் பொருளாதாரம், அதாவது அங்குள்ள வயல்களும் ஆலைகளும் கூட்டுப் பண்ணைகளும் விலைவாசியும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள். சீனாவைப் பற்றி மாமியும் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். அது முடியும்வரை புத்தகங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் தானும் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலை.

பெட்டிகளில் பெயர் எழுதியவன் மாமியின் மாணவன். தாரில் தூரிகையைத் தோய்த்துப் பெரிய பெரிய எழுத்தாக "சீனப் பொருளாதாரம்" என்று தொடங்கியவனுக்குப் பலகை முன்கூட்டியே முடிந்துவிட்டது. அதனால் "சீனப் பொரு" ஒரு பக்கத்திலும் "ளாதாரம்" அடுத்த பக்கத்திலுமாக அமைந்துவிட்டது. மன்னார் ஸ்டேசனில் அவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றிய சந்தியாப்பு என்ற வண்டிக்காரர், வாசிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர். வழியில் ஆரோ என்ன ஏற்றிப் போகிறாய் என்று கேட்க, திரும்பிப் பார்த்துத் தார் வழிந்த எழுத்தைக் கூட்டி, "சீனி, பொரி" என்று வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

அது பங்கீட்டுக் கூப்பன் காலம். சீனியைக் கண்டு நாளாகியிருந்தது. கச்சேரி எழுதுவினைஞர் வீட்டுக்கு வண்டி வண்டியாகச் சீனி போகிறது என்ற செய்தி மாடுகளைவிட வேகமாக நடந்து எங்கள் படலைக்கு முதலில் வந்து சேர்ந்தது. வண்டிகள் வந்து சேரும்போது வீட்டு வாசலில் தகரப் "பேணி"யும் அளவுச் சுண்டும் மூடி போட்ட தூக்குமாகப் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா வெட்கத்தில் குசினிக்குள் ஒளிந்துகொண்டார். அப்பா, அரசாங்க உத்தியோகத்துக்கே ஆபத்து வந்துவிட்டதென்று வியர்த்துப்போய், "இஞ்சை ஒண்டுமில்லை, போங்கோ, போங்கோ" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதனால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது.

மாமி வண்டியிலிருந்து இறங்கி, ஆணி கழற்றி ஒரு பெட்டியைத் திறந்து, வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். வரிசையின் முதலில் நின்ற ஓலைத்தொடுவாய் ஊர்க் கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்தார், கையைவிட்டு அடிவரைக்கும் துழாவினார், நிமிர்ந்தார்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு பெட்டியிலை ஒண்டிலையாவது சீனி இல்லையோ?"

"இல்லையணை. ஆனால் சந்தியாப்பு அண்ணை பிழையாய் வாசிக்கேல்லை" என்றார் மாமி. "சீனி எண்ட பேரே சீனாவிலை இருந்து வந்ததுதான்."

பேர் வந்த வழியிலேயே சாமானும் வந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று கிழவி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. வந்தவர்களை வெறும் பேணியோடு அனுப்ப மாமிக்கு மனமில்லை. அம்மாவைக் குசினியிலிருந்து வெளியே இழுத்து, எல்லாருக்கும் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுக்க வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீடு "சீனி வீடு", மாமி "சீனி மாமி".

இந்த மாமி வந்ததில் எனக்கும் தங்கச்சிமார் இருவருக்கும் கிடைத்த பேறு வேறொன்று. அதுவரை எங்கள் வீட்டில் அப்பா வந்தால் சத்தம் நிற்கும். வேலை முடிந்து கந்தோரால் வந்து கதிரையில் இருந்து, சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றாமலே தேத்தண்ணி குடிப்பார். நாங்கள் சுவரோரமாக நடப்போம். மாமி வந்த பிறகு அவர் அப்பா இல்லை, "தம்பி". மாமிக்கு அவர் சின்ன வயதில் ஆட்டுக்குட்டிக்குப் பயந்து கூரையேறிய கதை தெரிந்திருந்தது, அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லவும் தெரிந்திருந்தது. புத்தகங்கள் அலுமாரியில் கொள்ளாமல் கட்டிலுக்கு அடியிலும் வாங்குப் பலகையிலும் கடைசியில் அப்பாவின் கதிரையிலும் ஏறியபோது, அவர் அதைப் பார்த்து நின்றார். மாமி எழுதிக்கொண்டே, "தம்பி, அதிலை விலைக் கோட்பாடு இருக்குது. நீ பாயிலை இரு" என்றார். அப்பா பாயில் இருந்தார். நாங்கள் மூவரும் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கொஞ்சம் பொறுத்து அப்பாவும் கைகழுவும் சாட்டில் கிணற்றடிக்கு வந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அப்பாவுக்கு முன்பல்லில் ஒரு சிறு இடைவெளி உண்டென்பதை நான் அன்றுதான் கண்டேன்.

ஆகவே மாமி போகக் கூடாது. எங்கள் மூவருடைய செபமும் அதுதான்.

வந்தது மாரி. மன்னார் வறண்ட ஊர்தான், ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் உப்புச் சாடியில் தண்ணீர் நிற்கும் ஊருமாகும். எங்கள் வீட்டுக்குப் பாதி ஓடு, பாதி ஓலை. முதல் மழையோடு புத்தக மட்டைகள் ஊதிப் பருத்தன. அடுத்ததாக மட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்தது. ஓர் அட்டைக்குள் கறையான் வீதி போட்டிருந்தது. வெயில் காட்டிய ஒரு நாளில் புத்தகங்களை முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தோம், நான் காவல். ஊர்க் கழுதைகளில் ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, நான் எதிர்ப்பக்க வரிசையை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு பாகங்கள் கொண்ட நூலொன்றின் இரண்டாம் பாகத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. நான் கத்திய கத்தலில் மாமி வெளியே வந்தார். கழுதையின் வாயில் பொருளடக்கம் தொங்கியது.

"முதலாம் பாகம் வாசிக்காமல் அது விளங்காதெண்டு சொல்லு, ராசா" என்றார் மாமி. சிரிக்கச் சிரிக்க முட்டு வந்துவிட்டது.

ஆனால் அன்று பின்னேரம் அவர் சிரிக்கவில்லை. பூஞ்சணத் தூசி அவருடைய நெஞ்சுக்கும் ஆகவில்லை. பல்கலைக்கழகத்தில் காய்ந்த அறையொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், புத்தகங்களைத் திருப்பி ரயிலேற்றிவிட்டுத் தானும் போவதே நல்லது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கதிரையிலிருந்த புத்தகங்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கதிரை திரும்பக் கிடைக்கிறதே என்று சந்தோசப்படுகிறாரோ என்று நான் நினைத்து, மனதுக்குள் அவரோடு கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா கந்தோருக்குப் போகவில்லை. அவர் ஆரிடமும் ஒன்றும் கேட்காத மனிதர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக்கூட அயலில் இரவல் வாங்கமாட்டார். அப்படிப்பட்டவர் குடையும் கையுமாக இறங்கி, காய்ந்த அறை இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டார். என்னையும் கூட்டிப்போனார். கோயில் மேடை, பள்ளிக்கூடக் களஞ்சியம், கருவாட்டுக் கொட்டில், எல்லாவற்றிலும் சுவரில் கைவைத்துப் பார்த்தோம். எல்லாச் சுவரும் ஈரம். ஏழாவதாகப் போன இடம்தான் சுலைமான் நானாவின் கடை. நானா பலசரக்கு வியாபாரி; கடைக்குப் பின்னால் அவருடைய "சீனிக் கிட்டங்கி" இருந்தது. சீனி ஈரம் குடிக்காதபடி கட்டிய களஞ்சியம் அது. இடுப்பளவு தூண்களின் மேல் தளம், உட்சுவர் முழுக்கப் பனம்பலகை, மேலே காற்றுப்போக இடைவெளி. இறக்குமதி நின்றுபோனதால் இரண்டு வருசமாக வெறுமையாகக் கிடந்தது.

அப்பா சுற்றிவளைத்துக் கச்சேரித் தமிழில் தொடங்கினார். நானா கொஞ்சம் கேட்டார், பிறகு கையை உயர்த்தினார்.

"நீங்க என்ன சொல்ல வாறீங்க? அக்காவ போக விடேலாது. அதானே?"

அப்பா குடையைப் பார்த்தார். "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் அவர் வயதெல்லாம் கழன்று, என்னைவிடச் சின்னப் பொடியனைப்போல நின்றார். எனக்கு அவர் மேலிருந்த கோபம் போனது.

நானா கிட்டங்கிப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினார். வாடகை என்ற சொல்லை அப்பாவை முடிக்க விடவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: மறுபடி எப்போது சீனி வரும் என்று அந்தப் புத்தகங்களில் எங்காவது போட்டிருக்கிறதா என்று ரீச்சர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாமியிடம் இதைச் சொன்னபோது அவர், "அதைக் கண்டுபிடிக்கத்தான் தம்பி இவ்வளவு புத்தகமும் எழுதினவை. ஒருத்தருக்கும் இன்னும் பிடிபடேல்லை எண்டு நானாவுக்குச் சொல்லு" என்றார். சொன்னோம். நானா, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொல்லி, மிகவும் திருப்தியடைந்தார்.

புத்தகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், அன்று பேணியோடு நின்ற அதே ஆட்கள். கீரி வீதியில் அப்படியொரு ஊர்வலத்தை நான் பெருநாளுக்கும் கண்டதில்லை. சந்தியாப்பு இம்முறை கூலி வாங்காமல், "இது சீனியும் இல்லை, பொரியும் இல்லை" என்று வழிநெடுகக் கூவிக்கொண்டே வந்தார். சீனி மூட்டைக்கென்று போட்ட தட்டுகளில் பொருளாதாரக் கோட்பாடு இடப்பக்கமும் சீனா வலப்பக்கமுமாக அடுக்கினோம். மொத்தம் தொள்ளாயிரத்துப் பதினாறு. கழுதை தின்றதை நான் சேர்க்கவில்லை. பூஞ்சணம் அதற்குப் பிறகு பிடிக்கவில்லை.

மாமி காலையில் குடை பிடித்துக் கிட்டங்கிக்குப் போவார், மதியம் அப்பா போய்க் கூட்டிவருவார். சீனத்துப் படச் சஞ்சிகைகள் ஒரு கட்டு இருந்தன. அவற்றைப் பார்க்கச் சனம் வரத் தொடங்கியது. முள்ளிக்குளத்திலிருந்து கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு படத்தில் சீன மீனவர்கள் நீர்க்காகத்தின் கழுத்தில் கயிறு கட்டி, அது பிடித்த மீனை விழுங்கவிடாமல் வாங்கிக்கொள்வார்கள். ஓலைத்தொடுவாய் அந்தோனி என்ற கடற்றொழிலாளி அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரீச்சர், இந்தப் பறவைக்குப் பங்கோ, கூலியோ?"

"கழுத்திலை கயிறு கட்டின பிறகு பங்கென்ன, கூலியென்ன, அந்தோனி?"

அந்தோனி மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற தன்னுடைய சம்மாட்டியை, அதாவது வள்ளச் சொந்தக்காரரைப் பார்த்தார். சம்மாட்டி கூரையைப் பார்த்தார். அன்று கிட்டங்கியில் எழுந்த சிரிப்பில் நானா கல்லாவை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

மாமி தன் நூலை அங்கேயே எழுதி முடித்தார். முடித்த பிறகும் போகவில்லை. புத்தகங்கள் திரும்பவும் ஈரமாகிவிடும் என்று சாட்டுச் சொன்னார். அப்பா கடைசிவரை தம்பியாகவே இருந்தார்.

பிறகு நடந்தவற்றை மன்னார்க்காரர் எல்லாரும் அறிவர். சண்டை முற்றுவதற்கு முன்பே மாமி கண்ணை மூடினார். புத்தகங்கள் அவர் எழுதிவைத்தபடி பல்கலைக்கழகத்துக்குப் போயின. போன வருடம் பார்த்துவிட்டு வந்தேன். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, ஒரு தும்மலுக்கும் வழியில்லை. எண்ண விட்டார்கள், ஐந்து குறைகிறது, ஆரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில் நானா குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டிவந்து, புத்தளத்தில் பலகாலம் இருந்து திரும்பியிருக்கிறது. கூப்பன் இல்லை, வரிசை இல்லை, வண்டி மாடும் இல்லை. கிட்டங்கி மட்டும் நிற்கிறது, நானாவின் பேரனுக்கு அதுதான் கடை. பனம்பலகைத் தட்டுகளில் ரோர்ச் லைற், குடை, கைப்பேசி உறை, பிளாஸ்ரிக் கூடை. ஒவ்வொன்றாக அடியைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சீனத்தில் செய்தவை.

கல்லா மேசையாக ஒரு தேயிலைப் பெட்டி. முன்பக்கத்தில் தார் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது: "சீனப் பொரு".

"மூத்த வாப்பா அந்தக் காலத்துலயே எங்களுக்கு போர்ட் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார் சேர். கடைசி எழுத்துத்தான் விடுபட்டிருக்கு" என்றான் அந்தப் பையன்.

சுவரோடு ஒட்டியிருந்த மற்றப் பக்கத்தை நான் திருப்பிக் காட்டவில்லை. பலகைக்கு மேலாகக் குனிந்து மூச்சிழுத்தேன். பிளாஸ்ரிக் மணத்துக்கு அடியில், மிக மெல்லியதாக, அது இருந்தது. தும்மினேன். சளித் தடிமனாக்கும் என்று நினைத்துப் பையன் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றினான்.

"சீனி போடவா சேர்?"

எனக்குப் பன்னிரண்டு வருசமாகச் "சீனி வருத்தம்". மூன்று விதக் குளிசை, மாதம் ஒரு இரத்தச் சோதனை.

"ரெண்டு கரண்டி போடுங்கோ, தம்பி" என்றேன்.