சுகந்தி முதலாவதாகப் போட்ட ஆள்

போன ஞாயிறு காலை தன்னாமுனைக்குப் போயிருந்தேன். மனைவியின் தங்கை சுகந்தி வீட்டுக்கு. கதவு திறந்துதான் கிடந்தது... ‘வாங்க’ என்று சொல்லத்தான் ஆளில்லை.

அவள் லப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். திரையில், தலைக்கவசம் போட்ட மலை போன்ற மனிதர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

“ஒள்ளம் பொறுங்க மச்சான். இவன முடிச்சிட்டு வாறன்.”

எவனை?

பாசிக்குடா ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அமெரிக்கன் ஃபுட்போல் வீடியோக்களைப் பார்த்து வீரர்களுக்குப் புள்ளி போடுவது. பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. கடைசி வேலை — டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடும் பன்னிரண்டு பேரைத் தரப்படுத்துவது.

அதென்ன டைட் எண்ட்? வரிசையின் ஓரத்தில் நிற்பவர். அவருக்கு இரண்டு வேலை. சில நேரம் எதிரணியை மறித்து, பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்து கொடுக்க வேண்டும். சில நேரம் தானே ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும்.

“அப்ப லேசுதானே? கூடப் பிடிச்சவன் முதலாவது” என்றேன்.

“அப்படித்தான் எல்லாரும் போடுறாங்க. பிடிச்சதுக்குக் கணக்கு இரிக்கி. மறிச்சதுக்கு ஆர் கணக்கு வைக்கிற?”

ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தரம் பார்க்கிறாளாம். முதல் தரம் பந்தோடு. அடுத்த தரம் பந்தை மறந்துவிட்டு, அந்த ஆளின் கால்களை மட்டும். பிடித்ததிலும் எத்தனை என்பதல்ல, எப்போது என்பதுதான் அவளுக்கு முக்கியம். அணி தவித்து நின்ற நேரத்தில் பிடித்தானா... இல்லை, வென்று முடித்த பிறகா?

அப்படிப் பார்த்து, குறைவாகப் பந்து பிடித்த ஒருவரை முதலிடத்தில் வைத்துவிட்டாள்.

அதில்தான் வந்தது வினை. அதே வீடியோக்களுக்குப் புள்ளி போடும் மற்றவர்கள் எல்லோரும் அவரை ஒன்பதாவதாகப் போட்டிருந்தார்கள். அன்று காலைதான் மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் வந்திருந்தது — பட்டியலைத் திருத்துங்கள், அல்லது காரணம் காட்டுங்கள்.

“பேசாம மாத்திவிடு. வேலை போயிடப் போகுது.”

“எனக்கும் பயமாத்தான் இரிக்கி மச்சான். திரும்ப ஹோட்டலுக்குப் போகேலா. ஆனா கண்ணால கண்டத்த இல்ல எண்டு எப்படி எழுதுற?”

பதினான்கு துண்டுக் காட்சிகளை வெட்டி எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் ஒருவரை மறித்து நிற்கிறார்; பின்னால் வேறொருவர் பந்தோடு ஓடிப் பேர் வாங்குகிறார். பட்டியலை மாற்றாமல், அவற்றையும் சேர்த்து ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினாள்.

நாமும் இப்படித்தானே? கலியாண வீட்டில் மேடையில் நிற்பவரைத்தான் எல்லாக் கமெராவும் தேடுகிறது. பந்தி குழம்பாமல் பார்த்துக்கொண்டவர் ஒரு படத்திலும் இருக்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை அவளே போன் எடுத்தாள்.

“மச்சான், அவன நாலாவதா ஏத்தியிருக்காங்க.”

“உன்ர வேலை?”

“நிரந்தரமாக்கிட்டாங்க.”

“பிறகென்ன, சந்தோஷம்தானே?”

“என்ன சந்தோஷம்? அவன் முதலாவது மச்சான்!”

அடுத்து யாரைப் பார்க்க விருப்பம் என்று கேட்டார்களாம். பந்தை எறியும் நட்சத்திரங்களையா?

“அவங்களத்தான் ஊரே பாக்குதே. முன்வரிசையில நிண்டு மறிக்கிற ஆக்களக் கேட்டிருக்கன். அவங்க பந்தையே தொடமாட்டாங்க.”